திருப்பிப் போட்ட கையுறை

கீழ் வீட்டுக்காரர் காசை ஒருநாளும் காசாகச் சொன்னதில்லை. கிலோமீட்டராகத்தான் சொல்வார். மீன் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், "மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்ற தூரம்" என்பார். கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு வந்த அன்றுகூட, கன்னத்தைப் பிடித்தபடி, "ஏர்போர்ட் டிரிப் ஒண்ணு போச்சு டைலரக்கா" என்றார். சொந்த டாக்ஸி ஓட்டினார். அதனால் தெருவில் அவருக்கு மீட்டர் என்று பெயர் விழுந்து, அதுவே நிலைத்துவிட்டது. பெண்டாட்டியே கோபம் வந்தால் "இந்த மீட்டரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்" என்பாள். அவர் அதற்கும் சிரிப்பார்.

நான் மாடியில் இருக்கிறேன். ஆல்டரேஷன் வேலை. புதுத்துணி தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்தவர்களுக்கு இடுப்பைப் பிரித்துவிடுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது. பெருத்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு நேர் கீழே அவர்களுடைய பின்முற்றம், தண்ணீர்க் குழாய், துணிக்கொடி எல்லாம் தெரியும். அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது. வீட்டைக் கட்டினவன் அப்படிக் கட்டிவைத்திருக்கிறான், நான் என்ன செய்ய.

அவர்கள் மூன்று பேர். மீட்டர், அவர் மனைவி, ஒரே மகள். மனைவிக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை ப்ளீச்சிங் தண்ணீரில் போட்டு எடுத்து, மடித்து அடுக்குவாள். மகளை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைவிட ஒரு சாண் உயரம், ஆனாலும் குட்டிதான்.

குட்டி பள்ளிக்கூடம் முடித்து பேக்கரி கவுன்டரில் நின்றுகொண்டிருந்தாள். ஒருநாள் சாயந்திரம் வந்து, தான் பார்லர் படிப்புப் படிக்கப் போவதாகச் சொன்னாள். ஒரு வருடம். முடி வெட்ட, சாயம் போட, முகத்துக்குச் செய்ய, நகத்துக்குச் செய்ய எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். முடித்தால் சர்டிபிகேட். அது இருந்தால்தான் நல்ல பார்லரில் நாற்காலி கொடுப்பார்கள். நாற்காலி என்றால் அவளுக்கென்று ஒரு கண்ணாடி, ஒரு இருக்கை, அவளைத் தேடி வருகிற ஆட்கள்.

"பன்னு வித்து வித்து என் மேலயே பன்னு வாசம் அடிக்குதுப்பா. பத்து வருஷம் நின்னாலும் அதே கவுன்டர்தான். கையில ஒரு தொழில் இருக்கணும்" என்றாள்.

அடுத்த சில வாரம் மீட்டர் விசாரணையில் இறங்கினார். பார்லர் வாசலில் ஏறுகிற சவாரியாகப் பார்த்துப் பிடித்தார். வண்டி கிளம்பினதும் பின்னால் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பார். முடி நல்லா வந்திருக்கும்மா, வெட்டினதுக்கு எவ்வளவு வாங்கினாங்க, கலருக்கு எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு ஒருதடவை வருவீங்க. சிலர் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஒருத்தி இடையிலேயே வண்டியை நிறுத்தி இறங்கிக்கொண்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கீழே கூப்பிட்டார்கள். குடும்ப விஷயத்தில் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்றால், மீட்டருக்குத் தன் கணக்கைக் கேட்க ஒரு வெளியாள் வேண்டும். சமையலறையில் நான்கு பேர் உட்கார இடம் போதாது. மனைவி அடுப்பை ஒட்டி நின்றாள். டீயும் ரொட்டியும் இருந்தன. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே அடுப்பு வேறு.

"முதல்ல ஃபீஸ்" என்றார் மீட்டர். "அப்புறம் கிட். கத்தரி, டிரையர், முடி வெச்ச பொம்மைத் தலை. அப்புறம் பஸ்ஸு, ஷூ, வெள்ளைக் கோட்டு. அதோட பேக்கரிச் சம்பளம் ஒரு வருஷம் வராது. அதையும் செலவுலதான் சேர்க்கணும். நிறையப் பேர் அதை விட்டுடுவாங்க."

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் மனைவி.

"இருடி. வெளியூர் சவாரி போறப்ப, ஆளை இறக்கிட்டுக் காலியாத் திரும்பி வர்றதையும் சேர்த்துத்தான் ரேட்டு பேசணும். போற தூரத்தை மட்டும் கணக்குப் போட்டவன் எல்லாம் வண்டியை வித்துட்டுப் போயிட்டான். அதான் நான் காலி ரிட்டர்னையும் சேர்த்துச் சொல்றேன்."

"மொத்தம் எவ்வளவு வருது?" என்றேன் நான்.

"நான் ரெண்டு வருஷம் ஓட்டுற தூரம்."

குட்டி ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வரவைச் சொல்லுங்க" என்றேன்.

"அதுக்குத்தான் வர்றேன். முடி வெட்டுறதுல ஒண்ணும் இல்ல டைலரக்கா. எல்லாரும் வெட்டுறாங்க. நகம், புருவம் எல்லாம் சில்லறை. காசு கலர்ல இருக்கு. ஒரு தலைக்குக் கலர் போட்டா, பத்துத் தலை வெட்டின காசு. அதுவும் ஒருதடவை போட்டவங்க விட முடியாது. வேர் வெளுக்க வெளுக்க வந்துதான் ஆகணும். பெட்ரோல் மாதிரி. கலர் நல்லாப் போடத் தெரிஞ்சவளுக்கு நாற்காலி நிச்சயம். மூணாவது வருஷத்துலேர்ந்து லாபம்தான்."

"சரி, ஃபீஸுக்கு எங்க போறது?" என்று மனைவி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"வண்டியைக் கொடுத்துடலாம்."

"கொடுத்துட்டு?"

"வாடகைக் கார் ஓட்டுறேன். ஒருத்தர்கிட்டப் பேசிட்டேன். தினசரி அவருக்குக் கட்டுறது போக மிச்சம் நமக்கு. வண்டி என்ன, வருஷா வருஷம் விலை இறங்குற சாமான். இவ கை அப்படியா? போகப் போக ஏறும்."

"எனக்குச் சொல்லத் தெரியல" என்றாள் மனைவி. "என்னைக் கேக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க."

"அப்பா, வேண்டாம்பா. நான் சேர்த்து வெச்சு அடுத்த வருஷம் போறேன்" என்றாள் குட்டி.

"அடுத்த வருஷம் ஃபீஸ் ஏறும். உன் சேமிப்பு அதைத் துரத்திக்கிட்டே ஓடும். சேர்ந்துடு."

என்னைப் பார்த்தார். கணக்கில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நல்லாத்தான் இருக்கு என்றேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

வண்டியை எடுத்துப்போக ஆள் வந்த அன்று, மீட்டர் காலையிலிருந்து அதைக் கழுவிக்கொண்டிருந்தார். விற்கிற வண்டிக்கு எதற்கு இத்தனை சோப்பு என்று மனைவி கேட்டாள். அவர் சக்கரத்தின் உள்பக்கத்தைத் தேய்த்தார். எல்லாவற்றையும் கொடுத்தார், சீட்டில் போட்டிருந்த மரமணி விரிப்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார். முதுகுவலிக்காக வாங்கியது. அதைச் சமையலறை நாற்காலியில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தார். சாமான் போன இடத்தைப் பார்ப்பதுபோல வாசலைப் பார்த்தார். அவ்வளவுதான். அழுகை, பெருமூச்சு என்று ஒன்றும் இல்லை. நான்தான் பார்க்கப் பிடிக்காமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

குட்டி படிக்கப் போனாள். பொம்மைத் தலையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவாள். பை வாயிலிருந்து முடி வெளியே தொங்கும். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் அலறியடித்து எழுந்துவிட்டாராம். பிறகு நிஜத்தலைகள் தேவைப்பட்டன. என் தலைதான் முதலில் போனது. என் வெள்ளை முடிக்குப் பழுப்புச் சாயம் போடுகிறேன் என்று ஆரம்பித்தாள், கழுவிப் பார்த்தால் பாசி பிடித்த நிறம். "அத்தை, நல்லாத்தான் இருக்கு, வெளிச்சத்துல பார்த்தா" என்றாள். பேன்ட் கொண்டுவந்த ஒருவர் என் தலையையே பார்த்துக்கொண்டு அளவைத் தப்பாகச் சொன்னார். ஒரு மாதம் துணி கட்டிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவளுக்குக் கை படிந்துவிட்டது. மூன்றாம் தடவை போட்டது அசல் முடி மாதிரி நின்றது. பார்லர் பள்ளி டீச்சரே மற்றப் பெண்களைக் கூப்பிட்டு, சாயத்தை எப்படிப் பிரித்துப் போடுவது என்று இவள் கையைப் பார்க்கச் சொன்னாராம். அதைச் சொன்னபோது மீட்டர் முகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த வண்டியே திரும்பி வந்த மாதிரி இருந்தார்.

மாதம் ஒருமுறை அவருக்கும் குட்டிதான் டை அடித்துவிடுவாள். பின்முற்றத்தில் அந்த மரமணி நாற்காலியைப் போட்டு உட்காருவார். அங்கேதான் கையுறைப் பேச்சு வந்தது.

சாயம் போடும்போது ரப்பர் கையுறை போட வேண்டும். கிட்டில் ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அது தீர்ந்துபோனது. இனிமேல் சொந்தமாக வாங்க வேண்டும்.

"ஒரு தலைக்கு ஒரு ஜோடியா?" என்றார் மீட்டர்.

"ஆமாப்பா. போட்டுட்டுத் தூக்கிப் போட்டுடணும்."

"கிழியலையே."

"கிழியலைதான்."

"பின்ன எதுக்குத் தூக்கிப் போடணும்? இங்க பாரு. டயரை என்ன பண்றோம்? ஒரே பக்கம் தேய விடாம முன்னாடி பின்னாடி மாத்திப் போடுறோம். ரெண்டு மடங்கு ஓடும். இதையும் அப்படித் திருப்பிப் போடு. உள்பக்கம் வெளிய வரட்டும். ரெண்டு பக்கமும் உழைக்கும்."

"டீச்சர் பார்த்தாங்கன்னா?"

"கழுவிட்டா யாருக்குத் தெரியும்? உங்கம்மா கழுவாத துணியா?"

லாண்டரிக்காரிக்கு அது ஒரு வேலையே இல்லை. சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, உள்ளே பவுடர் தூவி, கிளிப் மாட்டிக் கொடியில் தொங்கவிடுவாள். காலையில் நான் ஜன்னலைத் திறந்தால் வரிசையாகக் கைகள் தொங்கும். காற்றடித்தால் ஒன்றோடொன்று மோதும். "யாருடா காலங்காத்தால கைதட்டுறாங்கன்னு பார்த்தேன்" என்று மேலேயிருந்து சொல்வேன். மூன்று பேரும் சிரிப்பார்கள். எவ்வளவு மிச்சம் பிடித்தோம் என்று மீட்டர் கிலோமீட்டர் சொல்வார். அது ஒரு நல்ல காலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் வந்தது. துணி காயவில்லை, கையுறையும் காயவில்லை. ஈரத்தோடு பையில் போட்டுக்கொண்டு போவாள். அப்போதுதான் கவனித்தேன், குட்டி கரண்டியால் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். கையால் பிசைந்து வழித்துச் சாப்பிடுகிற பெண். புதுப்பழக்கம், பார்லரில் கற்றுக்கொண்ட நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்து, "என்ன மேடம், கை படாம சாப்பிடுறீங்க" என்று கேலி செய்தேன். சிரித்தாள்.

பிறகு என் தலைக்குச் சாயம் போட வந்தபோது விரல்களைப் பார்த்தேன். விரல் இடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம். மணிக்கட்டுவரை தோல் சிவந்து தடித்திருந்தது. கணுக்களில் வெடிப்பு.

"என்னடி இது?"

"சோப்பு ஒத்துக்கல அத்தை."

"வலிக்குதா?"

"முதல்ல அரிச்சுது. ரத்தம் வர்ற அளவுக்குச் சொறிஞ்சேன். இப்ப ஒண்ணும் தெரியல. மரத்துப் போச்சு."

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"சொல்லி?"

அவள் சாயத்தைக் கலக்க ஆரம்பித்தாள். "இன்னும் கொஞ்ச மாசம்தான் அத்தை. சர்டிபிகேட் வாங்கிட்டா, பெரிய பார்லர்ல நல்ல கிளவுஸ் கொடுப்பாங்க. அப்புறம் சரியாயிடும். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்" என்றேன். மறுநாளே அவள் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ள வராது, வைத்துக்கொண்டால் சோறு இறங்காது.

குட்டியின் அம்மா குழாயடியில் குந்தியிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு நிமிரக்கூட இல்லை.

"தெரியும்க்கா. நானும் பார்த்தேன். வாஸ்லின் தடவிவிடுறேன்."

"வாஸ்லின்ல போறதா இது?"

அவள் தன் இரண்டு கைகளையும் தண்ணீரிலிருந்து எடுத்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து, விரல்நுனியில் ரேகையே இல்லை. "எனக்குப் பதினஞ்சு வருஷமா இப்படித்தான். சுடுதண்ணி பட்டாக்கூடத் தெரியாது. வேலை செய்யற கைன்னா வெடிக்கத்தான் செய்யும். பழகிடும்" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் நினைத்தாள். கையுறையைப் பிழிந்து, திருப்பி, கொடியில் மாட்டினாள்.

அதற்கப்புறம் ஒருநாள் காலை குட்டிக்குக் கண் திறக்கவில்லை. இமை இரண்டும் பன்னாக வீங்கி, முகமே வேறு யாருடையதோ போல இருந்தது. அப்படியே பள்ளிக்குப் போனாள். பரீட்சை நெருங்குகிறதாம். டீச்சர் வகுப்புக்குள் விடாமல், தோல் டாக்டர் பெயரைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

டாக்டர் குட்டியின் முதுகில் சின்னச் சின்னச் சதுரமாக மருந்து ஒட்டி அனுப்பினார். ஒவ்வொரு சதுரத்திலும் ஒவ்வொரு சாமான். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அது தடிக்குமாம். அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, துணி உரசக் கூடாது. நான் ஒரு பழைய சட்டையைப் பிரித்து, தொளதொளவென்று பின்பக்கம் திறக்கிற மாதிரி தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் குப்புறப்படுத்துக் கிடந்தாள். பேச்சுக் கொடுத்தால் ம் என்பாள்.

மறுபடி டாக்டரிடம் போன அன்று மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நான் போனேன். மீட்டர் வாடகைக் காரில் கூட்டிப்போனார். அந்த அரைநாள் வாடகை வீண் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் ஒரு நடுவயது அம்மா. சத்தம் போடாமல் பேசினார். குட்டியின் முதுகைத் திருப்பி எங்களுக்கும் காட்டினார். மற்றச் சதுரங்கள் எல்லாம் சும்மா இருந்தன. ஒன்று மட்டும் சிவந்து, தடித்து, நீர் கோத்திருந்தது.

"இது தலைச்சாயத்துல இருக்கிற மருந்து" என்றார். "கறுப்பு, பழுப்பு, எல்லாத்துலயும் இருக்கும். கை ஆறிடும். களிம்பு தர்றேன். ஆனா இந்த ஒவ்வாமை இனிமே உடம்பை விட்டுப் போகாது. தொட்டா மறுபடி வரும். ஒவ்வொரு தடவையும் கூடுதலா வரும். இவங்க சாயம் தொடவே கூடாது."

"எத்தனை நாளைக்கு?" என்றார் மீட்டர்.

"எப்பவுமே."

"கிளவுஸ் போட்டுக்கிட்டா?"

"இவங்களுக்கு இப்ப அதுகூட வேண்டாம்னுதான் சொல்வேன். இதுவரைக்கும் கிளவுஸ் போட்டுத்தானே வேலை செஞ்சீங்க?"

குட்டி வாயைத் திறப்பதற்குள் மீட்டர் முந்திக்கொண்டார். "போட்டுத்தான் டாக்டர். ஒருநாள்கூட வெறுங்கையில தொட்டதில்ல. அதுவும் சும்மா இல்ல, ஒரு பக்கம் ஆச்சுன்னா திருப்பி இன்னொரு பக்கம்..." கையால் செய்து காட்டினார். இல்லாத கையுறையை மணிக்கட்டில் பிடித்து, உரித்து, திருப்பி, மறுபடி மாட்டினார். கொஞ்சம் பெருமையாகவே செய்தார்.

"அப்பா" என்றாள் குட்டி.

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "திருப்பிப் போட்டா, வெளிப்பக்கம் இருந்த சாயம் உள்ள போயிடும்லங்க. கழுவினாலும் ரப்பர்ல கொஞ்சம் தங்கும். அப்புறம் கை வேர்க்கும். மணிக்கணக்கா தோல் மேலயே வெச்சு மூடின மாதிரி ஆயிடும்" என்றார். மீட்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சில பேருக்கு எப்படி இருந்தாலும் வரும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது" என்று சேர்த்துக்கொண்டார்.

"எனக்கு முதல் பெட்டியிலேயே அரிச்சுது டாக்டர்" என்றாள் குட்டி. "ஸ்கூல்ல கொடுத்த புது கிளவுஸ் போட்டப்பவே. என் உடம்பு வாகு அது."

அது பொய். முதல் பெட்டி தீரும்வரை அவள் கை வெண்ணெய் மாதிரி இருந்தது. என் தலையில் பட்ட கை, எனக்குத் தெரியாதா. நான் களிம்புச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

திரும்பும்போது தூறிக்கொண்டிருந்தது. மீட்டர் வைப்பரைப் போட்டார். நானும் குட்டியும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் ஏதாவது சத்தம் போட்டால் தேவலை என்று இருந்தது. சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்க்காமல் கேட்டார்.

"ஒரு பெட்டி கிளவுஸ் எவ்வளவும்மா?"

"விடுங்கப்பா."

"சும்மாதான் கேக்குறேன். சொல்லு."

குட்டி வெளியே பார்த்தாள்.

"இங்கேர்ந்து மார்க்கெட் வரைக்கும் வரும்பா" என்றாள். "போறதுக்கு மட்டும்."

அந்தச் சிக்னலிலிருந்து மார்க்கெட்டின் கூரை தெரியும். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடிக்கிறவரை அவர் வண்டியை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடக்கும் என்று காத்திருந்தேன். நீங்கதான் சொன்னீங்க, நீதான் கழுவினே என்று யாராவது ஒருவர் ஆரம்பித்து, மூன்று பேரும் கத்தித் தீர்த்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. கீழேயிருந்து பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. மனைவி வேலைக்குப் போனாள். மீட்டர் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு போனார். எது கேட்டாலும் "ஆமா", "இருக்கேன்", "போயிட்டிருக்கு" என்றார்கள். ஃபீஸ் திரும்பக் கிடைக்காது என்பதால் குட்டி படிப்பை முடித்தாள். சாயம் பாடத்தைக் காகிதத்தில் மட்டும் எழுதினாள். டீச்சர் நல்ல மனுஷி, இரண்டு மூன்று பார்லரில் பேசிப் பார்த்தார். சாயம் தொடாத பெண்ணுக்கு நாற்காலி கொடுத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். மீட்டர் அன்றைக்குச் சமையலறையில் சொன்ன அதே கணக்கு.

கடைசியில் ஒரு பார்லரில் வாசல் கவுன்டர் கிடைத்தது. போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, கூட்டம் இருந்தால் புருவம் திருத்துவது. சம்பளம் ஏறக்குறைய பேக்கரிச் சம்பளம்.

"கவுன்டர்லேர்ந்து கவுன்டருக்கு வந்துட்டேன் அத்தை. வாசம் மட்டும் மாறியிருக்கு" என்றாள். சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"மனசு கஷ்டமா இருக்காடி?"

"தெரியல அத்தை. கை மாதிரிதான். அங்க ஏதோ இருக்குன்னு தெரியுது, தொட்டா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

கை ஆறிவிட்டது. கரண்டியை மட்டும் அவள் விடவில்லை. கொடியில் கையுறைகள் கொஞ்ச நாள் அப்படியே தொங்கின. எடுக்கவும் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு காற்றில் இரண்டு பறந்துபோயின, மிச்சத்தை யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மீட்டர் தலை வெளுக்க ஆரம்பித்தது. டை அடிக்க வீட்டில் ஆள் இல்லை, அவரும் கேட்கவில்லை. முதலில் காதோரம், பிறகு மேலே ஏறி, உச்சி முழுக்க வெள்ளை. நான்கு மாதத்தில் பத்து வயது கூடினவர் மாதிரி ஆகிவிட்டார். ஒருநாள் சவாரி ஏற வந்த பெண், போனில் புக் பண்ணினபோது வந்த டிரைவர் போட்டோவையும் இவரையும் மாறி மாறிப் பார்த்து, இது நீங்கள் இல்லை என்று ஏற மறுத்துவிட்டாளாம். இரண்டாவது தடவையும் அப்படி நடந்தபோது கார் முதலாளி கூப்பிட்டுச் சொன்னார், தலையைக் கறுப்பாக்கு, இல்லையென்றால் சாவியைக் கொடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பின்முற்றத்தில் மரமணி நாற்காலி வந்தது. நான் ஜன்னலோரம் ஒரு பேன்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மீட்டர் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி சாயத்தைக் கிண்ணத்தில் கலக்கினாள். குழாய்மேடையில் புதுக் கையுறைப் பெட்டி ஒன்று இருந்தது. வாங்கி வந்தது அவர்தான் என்று பிறகு தெரிந்தது. குட்டி சமையலறை வாசலில் நின்றாள், கைகள் இரண்டும் பின்னால். அங்கேயிருந்து சொல்லிக்கொடுத்தாள்.

"முன்னாடி வேண்டாம்மா. பின்கழுத்துலேர்ந்து ஆரம்பி. ரெண்டு விரல் அகலத்துக்கு முடியைப் பிரி. அவ்வளவு பெருசா எடுக்காதே. பிரஷ்ஷைப் படுக்க வெச்சு இழு. ம். அப்படித்தான்."

மனைவி பயந்து பயந்து போட்டாள். படுக்கை விரிப்பை நீவுகிற மாதிரி நீவினாள். மீட்டர் தலையைக் குனிந்தபடி அசையாமல் இருந்தார். குட்டி ஒருமுறை தன்னையறியாமல் இரண்டு அடி முன்னால் வந்தாள். பிறகு திரும்பிப் போய் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"ஆச்சு. இப்ப அப்படியே ஊறட்டும்" என்றாள்.

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கையுறையை மணிக்கட்டில் பிடித்து உரித்தாள். உரித்ததைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியபடி குழாயடிக்கு நடந்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை பழகிப்போயிருந்தது. குழாயைத் திறக்கக் குனிந்தாள்.

மீட்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். தலை முழுக்கச் சாயம், காதோரம் வழிந்தது. அவள் கையிலிருந்து இரண்டு கையுறையையும் வாங்கி, ஒரு துணியில் சுருட்டி, குப்பைத்தொட்டியில் போட்டு மூடினார்.

"ஒரு தலைதானே போட்டது" என்றாள் அவள். "நல்லாத்தானே இருக்கு."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அப்பா கழுத்துல வழியுது பாரு. தோல்ல பிடிச்சுக்கும், துடைச்சுவிடு" என்றாள் குட்டி வாசலிலிருந்து.

மனைவி துணியை எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு குனிந்தாள். மீட்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். எட்டிப் பெட்டியிலிருந்து புதிதாக ஒரு ஜோடியை உருவி, வாயால் ஊதி, விரித்துப் பிடித்தார். அவள் கையை உள்ளே நுழைத்தாள்.